கலங்கரை விளக்கில் வளர்ந்த கிரேஸ் டார்லிங்

இங்கிலாந்து நாட்டின் வடகிழக்கு மூலையில், ஸ்காட்லாந்து எல்லைக்குச் சற்றுத் தெற்கே, நார்த்தம்பர்லாந்து என்றொரு மாவட்டம் உண்டு. அதன் கடற்கரையிலே பாம்பரோ என்னும் சிற்றூர். ஊருக்கு மேலே குன்றின்மீது பழங்கோட்டை ஒன்று கடலைப் பார்த்து நிற்கிறது. அக்கோட்டை மதிலில் நின்று கிழக்கே நோக்கினால், கடலுக்குள் கரும்பாறைகள் சிதறிக் கிடப்பது தெரியும். இவையே ஃபார்ன் தீவுகள். கரையிலிருந்து ஒன்றரை மைலில் தொடங்கி ஐந்து மைல் வரை இவை பரவியுள்ளன. தீவுகள் எத்தனை என்று கேட்டால் ஒரே விடை கிடையாது. கடல் வற்றிய வேளையில் இருபத்தெட்டு வரை எண்ணலாம். கடல் ஏறிய வேளையில் அவற்றுள் பல மறைந்துவிடும். கப்பலைக் கொல்பவை அந்த மறைந்த பாறைகள்தாம். நம் மீனவர்கள் பார் என்று சொல்லி அஞ்சி விலகுவார்களே, அத்தகைய பாறைகள்.

இக்கரை ஏன் இத்தனை கப்பல்களைக் காவு கொண்டது என்பதைச் சற்று விளக்க வேண்டும். பூமியின் அடியிலிருந்து பொங்கி உறைந்த டாலரைட் என்னும் கடும்பாறையால் ஆனவை இத்தீவுகள். அலைகள் காலங்காலமாக மோதியும் அவற்றை எளிதில் தேய்க்க முடியவில்லை. மணற்கரையில் ஒதுங்கும் கப்பலுக்குப் பிழைக்க வழியுண்டு. இந்தப் பாறையில் மோதும் கப்பலோ பிளந்துவிடும். தீவுகளுக்கு இடையேயுள்ள குறுகிய வழிகளில் கடலின் ஏற்றமும் வற்றமும் ஆற்று வெள்ளம் போலப் பாய்கின்றன. எடின்பரோவுக்கும் நியூகாசிலுக்கும் இடையே இரயில் பாதை வராத காலத்தில், ஆளும் சரக்கும் சென்ற பெருவழி இக்கடலே. டண்டி, லீத் துறைமுகங்களிலிருந்து ஹல் நகருக்கும் இலண்டனுக்கும் செல்லும் கப்பல் ஒவ்வொன்றும் இப்பாறைகளைக் கடந்தே ஆக வேண்டும்.

பாம்பரோக் கோட்டையில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. க்ரூ பிரபு விட்டுச் சென்ற அறக்கட்டளையின் சார்பில் ஜான் ஷார்ப் என்ற பாதிரியார் அதனை நடத்தினார். புயல் வீசும் இரவுகளில் குதிரைமீது ஆட்கள் கரையோரம் சுற்றி வருவர். கப்பல் ஏதும் துன்புற்றால் கோட்டையில் பீரங்கி முழங்கும். மூடுபனியில் மணி ஒலிக்கும். உயிர் தப்பி வந்தோருக்குப் படுக்கையும் உணவும் உண்டு. உயிரற்று வந்தோருக்குச் சவப்பெட்டியும் உண்டு. 1786-இல் லயனல் லூக்கின் என்பவர், எளிதில் மூழ்காதபடி திருத்தியமைத்த படகொன்றை இவ்வூருக்கென்றே செய்தளித்தார். உயிர்காப்புப் படகின் வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு. ஆயினும் ஐந்து மைலுக்கு அப்பாலுள்ள பாறையில் கப்பல் மோதும்போது கரையிலிருப்போர் என்ன செய்துவிட முடியும்? கடலுக்குள்ளேயே விளக்கும் வேண்டும். விளக்கைக் காக்கும் மனிதரும் வேண்டும்.

அத்தகைய விளக்குக் காவலர் குடும்பத்தில் பிறந்தவள்தான் கிரேஸ் ஹார்ஸ்லி டார்லிங். 1815-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 24-ஆம் நாள், பாம்பரோவில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தாள். வில்லியம் டார்லிங், தாமசின் இணையரின் ஒன்பது மக்களுள் ஏழாமவள். பாட்டனார் இராபர்ட் டார்லிங், பிரவுன்ஸ்மன் தீவில் நிலக்கரித் தீ வளர்த்துக் கப்பல்களுக்கு வழிகாட்டியவர். அவருக்குப் பின் அப்பணி வில்லியமுக்கு வந்தது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையைப் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டு சென்றனர். அன்று தொடங்கிய கடல் வாழ்க்கை அவளுக்கு இறுதி ஆண்டு வரை நீடித்தது.

பிரவுன்ஸ்மன் தீவில் கொஞ்சம் மண் உண்டு. காய்கறித் தோட்டம் போடலாம்; ஆடு மேய்க்கலாம். ஆனால் அங்கிருந்த விளக்கு வெளிப்புறப் பாறைகளுக்கு உட்பக்கமாக அமைந்திருந்ததால், அதனை நம்பி வந்த கப்பல்களும் உடைந்து கொண்டேயிருந்தன. ஆகவே எல்லாவற்றுக்கும் வெளியேயுள்ள லாங்ஸ்டோன் என்னும் பாறையில் புதிய கோபுரம் கட்டப்பட்டு, 1826-இல் விளக்கேற்றப்பட்டது. டார்லிங் குடும்பமும் அங்கே குடிபெயர்ந்தது. கிரேசுக்கு அப்போது பத்து வயது. லாங்ஸ்டோன் வெறும் பாறை. பயிரிடத் தக்க ஒரு கைப்பிடி மண் கிடையாது. புயல் நாளில் அலை வீட்டுச் சுவரை அறையும். குடும்பம் கீழ்த்தளத்தை விட்டு மாடிக்கு ஏறிவிட வேண்டும். காய்கறிக்காகப் பழைய தீவின் தோட்டத்தையே நம்பியிருந்ததால், அடிக்கடி படகில் போய்வர வேண்டியிருந்தது. துடுப்புப் பிடிப்பதை அவள் வீரச் செயலாகக் கற்கவில்லை. நம் வீட்டுப் பெண்கள் குடமெடுத்துத் தண்ணீருக்குப் போகக் கற்பது போலக் கற்றாள்.

தீவில் பள்ளிக்கூடம் ஏது? தந்தையாரே ஆசிரியர். எழுத்தும் கணக்கும் விவிலியமும் நிலநூலும் அவரிடம் பயின்றனர் பிள்ளைகள். நாவல்களும் சீட்டாட்டமும் அவருக்குப் பிடிக்காதவை. வீட்டில் அவற்றுக்கு இடமில்லை. கண்டிப்பானவர்தாம். ஆனால் பறவைகளையும் கடலையும் கூர்ந்து கவனித்துக் குறித்து வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. எந்தக் காற்றில் எந்த வழியில் நீரோட்டம் எப்படித் திரும்பும் என்பதை அவர் அறிவார். அதனை மக்களுக்கும் கற்பித்தார். இரவில் விளக்கின் சுழற்சி நிற்காமல் பார்ப்பதும், திரி கத்தரிப்பதும், எதிரொளிக் கண்ணாடி துடைப்பதும் குடும்பத்தின் கூட்டு வேலை. மூத்த பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கரைக்குப் போய்விட, பெற்றோரிடம் எஞ்சி நின்றவர்கள் கிரேசும் அவள் தம்பி வில்லியம் புரூக்சும்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிரேஸ் டார்லிங் கதையை நம்மிற் பலர் சிறுவயதில் ஏதேனுமொரு வாசக நூலில் படித்திருப்போம். நள்ளிரவில் அலறல் கேட்டுக் கன்னியொருத்தி துள்ளி எழுவாள், தயங்கும் தந்தையைக் கண்ணீர் விட்டு வேண்டுவாள், தாய் தடுப்பாள், அவளோ கூந்தல் காற்றில் பறக்கப் படகைத் தள்ளுவாள். அருமையான காட்சி! ஆனால் தந்தையார் தம் மேலதிகாரிகளான டிரினிட்டி ஹவுஸ் நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் இப்படியொரு காட்சி இல்லை. அதில் இருப்பது வேறொன்று. எனக்கு அதுவே கதையைவிடப் பெரிதாகப் படுகிறது.

நடந்தது இதுதான். ஃபோர்ஃபார்ஷயர் என்பது டண்டிக்கும் ஹல்லுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல். இருபுறமும் சக்கரத் துடுப்புகள் கொண்டது. 1838-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் மாலை, அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்களுடன் ஹல் துறைமுகத்திலிருந்து டண்டிக்குப் புறப்பட்டது. தலைவர் ஜான் ஹம்பிள். தம் மனைவியையும் உடன் அழைத்து வந்திருந்தார். வழியிலேயே கொதிகலன் ஒழுகத் தொடங்கியது. கரைக்குத் திரும்பிப் பழுது பார்த்திருக்கலாம், அவர் திரும்பவில்லை. மறுநாள் ஃபார்ன் தீவுகளைக் கடந்து வடக்கே ஸ்காட்லாந்துக் கரையை எட்டியபோது புயல் மூண்டது. இரவு பத்து மணியளவில் இயந்திரங்கள் அடியோடு நின்றன. பாய்களை விரித்து, காற்றின் போக்கில் கப்பலைத் தெற்கே திருப்பினர். தீவுகளுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள வழியில் புகுந்துவிட்டால் காற்று மறைவு கிடைக்கும் என்பது தலைவரின் எண்ணம். எண்ணம் சரியே. ஆனால் மழையிலும் இருளிலும் அவர் கண்ட விளக்கு கரையோரத் தீவின் விளக்கன்று. வெளிப்புறத்திலிருந்த லாங்ஸ்டோன் விளக்கு. இரண்டையும் மாற்றி எண்ணியதால், 7-ஆம் நாள் விடியலுக்கு முன், ஏறத்தாழ நான்கு மணிக்கு, பிக் ஹார்க்கர் என்னும் பாறையில் கப்பல் நேரே மோதியது.

மோதிய சிறிது நேரத்தில் கப்பல் இரண்டாகப் பிளந்தது. பயணிகள் உறங்கிக் கொண்டிருந்த பின்பாதியை நீரோட்டம் அடித்துச் சென்றது. தலைவரும் அவர் மனைவியும் ஏனைய பலரும் அத்துடன் போயினர். இதற்கிடையில் மாலுமிகள் எட்டுப் பேரும் பயணி ஒருவரும் கப்பலின் சிறு படகொன்றில் தாவித் தப்பினர். அவர்களைப் பின்னர் வேறொரு கப்பல் எடுத்துக் கொண்டது. முன்பாதி மட்டும் பாறையில் சிக்கி நின்றது. அதில் இருந்தோர் தட்டுத் தடுமாறிப் பாறைமீது ஏறினர். அவர்களுள் சாரா டாசன் என்ற பெண்மணியும் ஒருவர். இரு குழந்தைகளை அணைத்துக் கொண்டிருந்தார். விடிவதற்குள் அவ்விரு குழந்தைகளும் குளிரில் இறந்து போயின. பாதிரியார் ஒருவரும் அங்கேயே உயிர் துறந்தார்.

ஐந்து மணிக்குச் சற்று முன்னர், கிரேஸ் தன் அறைச் சன்னல் வழியே பார்த்தபோது பாறைமீது கரிய உருவம் ஒன்று தெரிந்தது. தந்தையாரை எழுப்பினாள். இருவரும் தொலைநோக்கியால் மாறி மாறிப் பார்த்தனர். மனித நடமாட்டம் எதுவும் தெரியவில்லை. அந்தக் காற்றில் அலறல் கேட்கவும் வழியில்லை. கதையில் வரும் கணநேர முடிவுக்கு மாறாக, உண்மையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட காத்திருப்பு. ஏழு மணியளவில் வெளிச்சம் கூடி, கடலும் வற்றத் தொடங்கியபோதுதான் பாறைமேல் மூன்று நான்கு பேர் அசைவதைக் கண்டனர்.

அப்போது அவர்கள் போட்ட கணக்கைப் பாருங்கள். தம்பி புரூக்ஸ் ஹெர்ரிங் மீன்பிடிப்புக்காகக் கரைக்குப் போயிருந்தான். வீட்டில் இருந்தவர்கள் ஐம்பத்திரண்டு வயதுத் தந்தை, அறுபத்து நான்கு வயதுத் தாய், இருபத்திரண்டு வயது மகள். இருந்த படகு கோபிள் எனப்படும் இருபத்தோரடி நீளப் படகு. அக்கடலில் அதனை வலிக்க மூன்று ஆண்களாவது வேண்டும். நேர்வழியில் போனால் அலை படகைப் பாறையில் அறைந்துவிடும். தெற்கே சுற்றித் தீவுகளின் மறைவிலேயே போக வேண்டும். அவ்வழி ஏறத்தாழ ஒரு மைல். போவது முடியும், வற்றும் நீரோட்டம் அத்திசையில் துணை செய்யும். திரும்பி வருவதுதான் சிக்கல். நீரோட்டத்தையும் காற்றையும் எதிர்த்து, ஆள் நிறைந்த படகை இருவரால் வலிக்கவே முடியாது. பாறையில் இருப்பவர்களுள் துடுப்புப் பிடிக்கும் வலிமையுள்ளோர் சிலரேனும் இருந்தால் அவர்கள் துணையுடன் திரும்பலாம். இல்லையேல் திரும்ப வழியில்லை. இதைத் தெரிந்துகொண்டே இருவரும் ஒத்த கருத்துடன் முடிவெடுத்தனர் என்பதே தந்தையார் கடிதத்தின் சாரம். யாரும் யாரையும் கெஞ்சவில்லை.

இன்னொரு பொறுப்பும் இருந்தது. அவர்கள் திரும்பாவிட்டால், அன்று மாலை அந்த விளக்கை ஏற்ற அம்முதிய தாய் ஒருவரே எஞ்சியிருப்பார். அந்த அம்மையாரும் தடுத்து நிற்கவில்லை. படகைக் கடலில் தள்ளக் கைகொடுத்தார். புகழ் பேசும் நூல்கள் இவரை அழவைத்தே பழகிவிட்டன, பாவம்!

பாறையை அடைந்தபோது கடினமான பகுதி தொடங்கியது. தந்தையார் பாறைமேல் தாவி இறங்கினார். இறங்கித்தானே ஆகவேண்டும்? யார் உயிரோடிருக்கிறார், யாரை முதலில் ஏற்றுவது என்று பார்த்து, பதற்றத்தில் எல்லாரும் ஒருங்கே படகில் குதித்துக் கவிழ்த்துவிடாமல் தடுக்க வேண்டும். அத்தனை நேரமும் கிரேஸ் தனியாக, இரு துடுப்புகளையும் தன் கைகளில் ஏந்திப் படகைப் பாறையில் மோதவிடாமலும், பாறையை விட்டு விலகிப் போகவிடாமலும் நிறுத்தி வைத்திருந்தாள். முன்னே வலித்துப் பின்னே தள்ளி, அலை வரும்போது ஒதுங்கி, அலை போனதும் நெருங்கி... கடலில் படகு விடுவோரைக் கேட்டால், ஒரு மைல் வலிப்பதைவிட இது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்வார்கள். அவள் செய்த செயலின் உயிர்நாடி இச்சில நிமிடங்களே என்று நான் கருதுகிறேன். ஓவியர்களோ அவள் வலித்துச் செல்லும் காட்சியைத்தான் வரைந்து தள்ளினர்.

மூன்று நான்கு பேரே இருப்பர் என்று எண்ணி வந்த தந்தையார் அங்கே ஒன்பது பேரைக் கண்டார். படகோ ஒன்பது பேரையும் ஒருசேரத் தாங்காது. சாரா டாசனையும், காயமுற்ற ஒருவரையும், இன்னும் மூவரையும் ஏற்றினார். எஞ்சிய நால்வர் காத்திருந்தனர். இறந்த குழந்தைகளைப் பாறையிலேயே விட்டுவிட்டு அந்தத் தாய் படகேற வேண்டியிருந்தது. ஏறிய மாலுமிகள் துடுப்புப் பிடித்தனர், கணக்கு பொய்க்கவில்லை. லாங்ஸ்டோன் சேர்ந்ததும் கிரேஸ் தாயாருடன் தங்கி வந்தோரைப் பேணினாள். தந்தையார் மாலுமிகள் இருவரை அழைத்துக் கொண்டு மறுபடியும் சென்று எஞ்சிய நால்வரையும் கொண்டு வந்தார். காலை ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதினேன். சீஹவுசஸ் ஊராருக்கு முடியவில்லை. கோட்டையின் எச்சரிக்கையைக் கேட்டு அவ்வூர் மீனவர்களும் அன்று காலை கடலில் இறங்கினர். மொத்தம் ஏழு பேர். அவர்களுள் ஒருவன் கிரேசின் தம்பி புரூக்ஸ். அந்தப் புயலில் ஏறத்தாழ ஐந்து மைல் வலித்துக்கொண்டு வந்தார்கள். தூரத்தில் பார்த்தால் தந்தையும் மகளும் சென்றதைவிடப் பன்மடங்கு. பாறையை அடைந்தபோது அங்கிருந்தவை மூன்று பிணங்களே. அலை அடித்துச் செல்லாதபடி அவற்றை மேட்டில் கிடத்திவிட்டு, கரைக்குத் திரும்ப முடியாமல் லாங்ஸ்டோனுக்கு வந்தனர். அங்கோ வீடு நிறைய ஆட்கள். விளக்குக் கட்டிய வேலையாட்கள் விட்டுச் சென்ற பாழுங்கொட்டகைதான் இவர்களுக்கு இடம். வெள்ளிக்கிழமை வந்தவர்கள் ஞாயிறு வரை அங்கேயே முடங்கினர். ஒருவரையும் காப்பாற்றாததால் ஒருவர் வாயிலும் இவர்கள் பெயர் வரவில்லை. பரிசுகளில் இவர்களுக்குக் கிட்டியது சொற்பமே. அவ்வூரில் கிரேஸ் பெயர்மீது நெடுங்காலம் ஒரு மனத்தாங்கல் இருந்தது என்றால், அதனைப் பொறாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அவளும் அதற்குப் பொறுப்பல்லள்.

கப்பல் உடைந்ததற்குக் காரணம் யார்? பிணங்களின்மீது நடந்த முதல் விசாரணையில், கொதிகலன் குறைபாடும் தலைவரின் கவனக்குறைவுமே காரணம் என்று ஜூரர் தீர்ப்பளித்தனர். அடுத்து நடந்த விசாரணையில் பழி புயலின்மீது விழுந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மடிந்த ஒரு விபத்தில், கொதிகலனைப் பற்றி நாடு பேசியது கொஞ்சம்; கன்னியைப் பற்றிப் பேசியதே மிகுதி. கப்பல் உரிமையாளருக்கு அது வசதியாகவும் இருந்திருக்கும்.

சில வாரங்களில் செய்தி நாடெங்கும் பரவியது. உள்ளூர்ப் பத்திரிகைகளில் தொடங்கி இலண்டன் டைம்ஸ் வரை அவள் பெயர் ஏறியது. அவ்வாண்டுதான் முடிசூடியிருந்த விக்டோரியா அரசியார் 50 பவுன் அனுப்பினார். பொதுமக்கள் திரட்டிய நிதி 700 பவுனைத் தாண்டியது. இராயல் ஹியூமேன் சொசைட்டி தங்கப் பதக்கமும், கப்பலுடைவில் உயிர்காக்கும் தேசிய நிறுவனம் வெள்ளிப் பதக்கமும் வழங்கின. இப்பதக்கங்கள் தந்தைக்கும் மகளுக்கும் சமமாகவே வழங்கப்பட்டன. பணம் சேர்ந்ததும் அதற்குப் பாதுகாப்பும் தேவைப்பட்டது. நார்த்தம்பர்லாந்துக் கோமகன் தாமே பொறுப்பேற்று அதனை அறக்கட்டளையாக்கினார். நல்ல மனிதர். ஆனால் இருபத்துமூன்று வயது நிறைந்த பெண், தன் பெயரில் வந்த பணத்தைச் செலவிட ஒரு பிரபுவின் ஒப்புதலை நாடும் நிலை வந்தது.

பிறகு வந்தவர்கள் ஓவியர்கள். ஒருவர் பின் ஒருவராகப் படகேறி வந்து, வேலை மிகுந்த அவ்வீட்டில் தந்தையையும் மகளையும் மணிக்கணக்கில் உட்காரவைத்தனர். இனிமேல் முடியாது என்று தந்தையார் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு கற்றை முடி அனுப்புமாறு கடிதங்கள். அன்று உடுத்திய ஆடையின் துண்டு கேட்டுக் கடிதங்கள். மணந்துகொள்ள விழைந்தோரின் கடிதங்கள். கூட்டங் கூட்டமாகச் சுற்றுலாப் பயணிகள் அவளைப் பார்க்க வந்தனர். இலண்டன் நாடக அரங்கொன்று, மேடையில் படகொன்றில் வெறுமனே உட்கார்ந்தால் போதும், பணம் தருகிறோம் என்று அழைத்தது. சர்க்கஸ் குழுவும் அழைத்தது. அவள் எதற்கும் இசையவில்லை. 1839-இலேயே அவளைக் கதைத் தலைவியாக்கி நாவல் வெளிவந்தது. முன்னே சொன்ன கண்ணீர்க் காட்சிகள் வளர்ந்தது இத்தகைய நூல்களால்தான். நாவல் நுழையாத வீட்டுப் பெண்ணை நாவல் இப்படிப் பிடித்துக்கொண்டது!

இத்தனைக்கும் நடுவில் அவள் வாழ்க்கை மாறியதா? இல்லை. அதே பாறை, அதே விளக்கு, அதே தையலும் துடைப்பும். கூடுதலாக வந்தது கடிதச் சுமை. பரிசளித்தோருக்கெல்லாம் அவளே தன் கைப்பட நன்றி எழுதினாள். மணம் புரியவில்லை. கரைக்குப் போனால் கூட்டம் சூழ்ந்துகொள்ளும் என்பதால் போக்குவரத்தும் குறைந்தது. பிறந்தது முதல் கடலிடையே வாழ்ந்தும் தனிமை என்பதை உணராதவளுக்கு, நாடே அறிந்த பின்னர்தான் தனிமை வந்தது போலும்.

1842-ஆம் ஆண்டு இளவேனிலில், காக்கெட் தீவு விளக்கில் பணியாற்றிய தமையனைப் பார்க்கச் சென்றாள். அப்பயணத்தில் பற்றிய சளியும் காய்ச்சலும் விடவில்லை. இருமல் முற்றியது. கடற்காற்று ஆகாது என்று ஆன்விக் நகரில் உறவினர் வீட்டில் தங்கவைத்தனர். கோமகனின் மருத்துவரே வந்து பார்த்தார். கோமகளும் நேரில் வந்து நலம் கேட்டுச் சென்றார். அக்காலத்தில் எலும்புருக்கி நோய்க்கு மருந்து ஏது? இறுதியில் அவளைப் பாம்பரோவுக்கே கொண்டு வந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 20-ஆம் நாள், தந்தையின் கைகளில் உயிர் நீத்தாள். இருபத்தேழாம் வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. பிறந்த வீட்டுக்கு அருகிலேயே, புனித எய்டன் ஆலயக் கல்லறையில் அடக்கம் செய்தனர். அடுத்த ஆண்டு கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் அவளைப் பற்றிக் கவிதை எழுதினார்.

அதே 1843-ஆம் ஆண்டு ஜூலையில், லீத்திலிருந்து ஹல்லுக்குச் சென்ற பெகாசஸ் என்னும் நீராவிக் கப்பல், சற்று வடக்கே ஹோலி தீவுக்கருகில் கோல்ட்ஸ்டோன் பாறையில் மோதி மூழ்கியது. தப்பியவர் ஆறே பேர். அந்தப் பாறைக்கருகில் எந்தக் கலங்கரை விளக்குக் குடும்பமும் வாழவில்லை.

1844-இல் அவளுக்குக் கல்லில் நினைவுச் சின்னம் எழுப்பினர். துடுப்பொன்று பக்கத்தில் இருக்க அவள் துயில்வது போன்ற சிலை. கடலில் செல்லும் கப்பல்களின் கண்ணில் படுமாறு கல்லறை வெளியின் மேட்டில் அதனை அமைத்தனர். கடற்காற்று கல்லையும் விடவில்லை; அரித்துப்போன முதற்சிலையை ஆலயத்துக்குள் எடுத்து வைத்துவிட்டு, வெளியே புதிதாக ஒன்றைச் செய்து வைத்தார்கள். மகள் மறைந்த பின்னும் வில்லியம் டார்லிங் லாங்ஸ்டோனை விட்டுப் போகவில்லை. 1860 வரை விளக்கைக் காத்து, ஓய்வு பெற்று, 1865-இல் மறைந்தார். 1990-இல் அவ்விளக்கு தானியங்கியாக்கப்பட்டது. அதன் பின் அங்கே காவலர் யாரும் குடியிருக்கவில்லை.

நிகழ்ச்சியின் நூறாம் ஆண்டான 1938-இல் பாம்பரோவில் அவளுக்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அந்த இருபத்தோரடிப் படகு அங்கே இருக்கிறது. சீஹவுசஸ் உயிர்காப்பு நிலையத்தில் 1991 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றிய உயிர்காப்புப் படகின் பெயரும் கிரேஸ் டார்லிங் என்பதே. அதனைச் செலுத்தியவர்கள் அந்த ஏழு பேர் புறப்பட்ட அதே ஊரார்.